போகிமான் கூட்டும் கூட்டம்

கேள்வி: மொபைலில் ஆடிக்கொண்டே ஊர் சுற்றும் விளையாட்டுகளால் தெருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. 2016 ஜூலையில் நியான்டிக் நிறுவனம் வெளியிட்ட ‘போகிமான் கோ’ அதைக் காட்டிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், 2011 சுனாமியில் சிதைந்த ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தில் திரையில் தோன்றும், ஆடுபவர்கள் பிடிக்க வேண்டிய கற்பனை உயிர்களான போகிமான்களில் லாப்ரஸ் என்ற அரிய வகையை ஏராளமாக உலவவிட்டார்கள். அதைப் பிடிக்க இஷினோமாகி நகருக்கு ஆட்கள் திரண்டார்கள். ஊர்க் கடைகளுக்கும் வியாபாரம்.

சிறிய விழாவுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. விளையாட்டிலேயே ‘லூர்’ என்றொரு தூண்டில் உண்டு. திரையில் ‘போகிஸ்டாப்’ என்று குறித்திருக்கும் இடத்தில் அதைப் போட்டால் அரை மணி நேரம் போகிமான்கள் வந்தபடி இருக்கும், பின்னாலேயே ஆடுபவர்களும். நியூயார்க்கில் ஒரு பீட்சா கடை பத்து டாலருக்குத் தூண்டில் போட்டே வாடிக்கையாளர்களை இழுத்தது. விளம்பரப் பலகைகூட இந்த விலைக்கு வராது!

ஆனால் கூட்டம் வந்தால் மட்டும் போதாது. 2017 ஜூலை 22 அன்று சிகாகோ கிராண்ட் பார்க்கில் நடந்த ‘போகிமான் கோ’ விழாவுக்குச் சுமார் 20,000 பேர் வந்தார்கள். செல்போன் நெட்வொர்க் திணறியது, விளையாட்டு முடங்கியது. மேடையேறிய நியான்டிக் தலைவர் ஜான் ஹாங்கேவைக் கூட்டம் கூச்சலிட்டே வரவேற்றது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

விழா நடத்துபவர்கள் முதலில் சிக்னலைச் சோதித்துவிடுங்கள். தூண்டிலையும் வண்டிகள் ஓடும் சாலையோரத்தில் போடாதீர்கள்.