கும்பிடும் கையைத் தட்டிவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

பெண்ணை விரும்பும் பெண் ஒருத்தி உன்னிடம் ஆலோசனைக்கு வருகிறாள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறாள், போய்வந்த இரவு தூங்குவதில்லை என்று எழுதியிருந்தாய். போவதை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டாய். சொல்லாதே. முதலில், உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது.

மதப்பற்று மனத்துக்குத் தெம்பு என்று நாம் பொதுவாக நம்புகிறோம். ஏறத்தாழ 21,000 அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் விடைகளை வைத்து 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எல்லோருக்கும் அப்படி என்று சொல்லவில்லை. மதத்தை முக்கியமாகக் கருதிய எதிர்பாலீர்ப்பு மாணவர்களிடம் தற்கொலை எண்ணம் குறைவு. அதே பற்றுள்ள தன்பாலீர்ப்பு மாணவர்களிடம் கூடுதல். இதைப் படித்துவிட்டு மதமே நோய் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. அவளைக் குத்துவது பிரசங்கத்தில் வந்துவிழும் ஒரு வார்த்தை, அதற்குத் தலையாட்டும் அம்மா, "என்னை மாற்றும் ஆண்டவரே" என்று வருடக்கணக்காக வேண்டியும் மாறாததால் கடவுளே கைவிட்டார் என்ற நினைப்பு. சர்ச்சை விட்டால் பிரசங்கம் மட்டுமா போகும்? பாடகர் குழு, சிறுவயதுத் தோழிகள், பயந்த இரவில் கூப்பிட ஒரு பெயர், எல்லாமே போகும்.

எதைக் கேட்டு ஜெபிக்கிறாள்? அவளைத் திட்டும் கடவுள் யாருடைய குரலில் பேசுகிறார்? அப்பாவின் குரலா, பள்ளி சிஸ்டரின் குரலா? அந்தக் குரலையும் தன் நம்பிக்கையையும் அவளே பிரித்துப் பார்க்க நேரம் கொடு. இருப்பதா, விலகுவதா, வேறு சபை தேடுவதா என்பது அவள் முடிவு. வசனத்துக்குப் பொருள் சொல்ல நீ போகாதே.

மற்ற மதத்தவர் வீடுகளில் இதே அடி பரிகாரமாக, தாயத்தாக, மந்திரிப்பாக, "ஒரு கல்யாணம் பண்ணிவச்சா சரியாயிடும்" என்ற பேச்சாக விழும். அன்போடு செய்வதாகவே குடும்பம் நம்பும்.

பெற்றோர் "மாத்திக் குடுங்க" என்று வந்தால் முடியாது என்று தெளிவாகச் சொல். அப்படி மாற்ற முயலும் சிகிச்சையை 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடைசெய்தார். அந்த வழக்கைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. சட்டத்தைச் சொல்லிவிட்டுப் பெற்றோரை வாசலோடு அனுப்பிவிடாதே. அமெரிக்க ஆய்வாளர் கேட்லின் ரையன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், குடும்பம் கடுமையாக ஒதுக்கிய தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றிருந்த வாய்ப்பு, ஒதுக்கப்படாத அல்லது குறைவாகவே ஒதுக்கப்பட்டவர்களைவிட எட்டு மடங்குக்கும் அதிகம். பக்தியுள்ள தாயிடம் வேதத்தை எதிர்த்து வாதாடிப் பயனில்லை. பிள்ளை உயிரோடு இருக்கவேண்டும் என்பதில் நீயும் அவரும் ஒரே பக்கம். பேச்சை அங்கே தொடங்கு. வீட்டில் அவளைத் திட்டுவதை நிறுத்துவதுகூட முதல் மாதத்துக்குப் போதும்.

நீயும் சாமி கும்பிடுகிறவள். உன் மேசையில் சாமி படம் இருந்தால் எடுத்துவிடு. நீ யார் பக்கம் என்று வருகிற பிள்ளை அதைப் பார்த்தே முடிவுசெய்துவிடும். உன் நம்பிக்கை என்னவென்று அவள் கேட்டால் மட்டும் மறைக்காமல் சொல்.

அன்புடன்,
உன் அக்கா