ஒரு மில்லிகிராம் சின்னதில்லை

கடைக்கு வருகிறவர்கள் சுகர் மாத்திரையைப் 'பவர்' சொல்லித்தான் கேட்பார்கள். "500 பவர் ஒரு அட்டை, ஒண்ணாம் பவர் ஒரு அட்டை குடுங்க தம்பி." 500 என்றால் பெரிய மருந்து, ஒன்று என்றால் ஏதோ பேருக்கு எழுதினது என்று பலருக்கு எண்ணம். சாப்பிட முடியாத நாளில் 'பெரியதை' நிறுத்திவிட்டுச் 'சின்னதை' மட்டும் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. உண்மை நேர் எதிர். 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். ஒரு மில்லிகிராம் கிளிமிபிரைடு, சாப்பாடு தள்ளிப்போனால் ஆளையே சாய்த்துவிடும்.

கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எனக்கும் பல வருடமாகச் சுகர். மாத்திரையில் தொடங்கி இன்சுலினுக்கு வந்தவன். கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எத்தனை மில்லிகிராம் என்பது டாக்டர் கவலை. நம் மாத்திரை எந்தக் குடும்பம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கிறது. வயிறு கலக்குகிறது, வாயு சேருகிறது என்று பாதி வழியில் கைவிடுகிறவர்கள் அதிகம். சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் அடங்கும். இல்லையென்றால் மெல்லக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். அந்த வகையை உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது. அதன் கூடு மலத்தில் அப்படியே வெளியேறுவதைப் பார்த்துவிட்டு, "மாத்திரை கரையவே இல்லைங்க, போலியா?" என்று சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வந்தது வெறும் கூடுதான். நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். பாதம் மதமதப்பு என்றால் எல்லாவற்றையும் சுகர் தலையில் போடாமல் பி12-ஐயும் பார்த்துவிடுவது நல்லது.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் ஒரு குடும்பம். கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. சஷ்டி விரதம், கல்யாண வீட்டில் மூன்றாவது பந்தி, வயிற்றுப்போக்கு, எல்லாமே இந்தக் குடும்பத்தோடு சேர்ந்தால் ஆபத்து. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இறங்கின சர்க்கரை சீக்கிரம் ஏறாது. விரதம் இருக்கத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி அன்றைய மாத்திரைக்கு வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் குளுக்கோஸ் பொடி மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை, பிறகு சாப்பாடு. பிஸ்கட்டும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு மெதுவான சரக்கு. வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் உடனே கைகொடுக்காது, ஏனென்றால் அதை உடைக்கும் வேலையைத்தான் அந்த மருந்து தடுத்துவைத்திருக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அட்டையின் பின்பக்கத்தில் மருந்துப் பெயர் 'கிளிப்டின்' என்று முடிந்தால் ஒரு குடும்பம், 'கிளிஃப்ளோசின்' என்று முடிந்தால் இன்னொன்று. முதலாவது சாதுவானது. இரண்டாவது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்யும் நன்மையால், இன்று பலருக்குச் சர்க்கரையை விட அந்த இரண்டுக்காகவே எழுதுகிறார்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். அந்தரங்க இடத்தைக் கழுவி உலர்த்திவைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை அரிப்பு வரும். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு களிம்பு மட்டும் வாங்கிப் போகிறார்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், காரணம் மாத்திரையாக இருக்கலாம். வாந்தி, பேதி, ஆபரேஷன் சமயங்களில் இதை நிறுத்திவைக்க வேண்டிவரும். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடக் கூடும்.

விலையிலும் நல்ல காலம். டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020-லும் சிடாகிளிப்டினுக்கு 2022-லும் காப்புரிமை முடிந்தது. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினுக்கும் முடிந்ததும், அறுபது ரூபாயை ஒட்டி விற்ற மாத்திரைக்குப் பத்து ரூபாய்க்குள்ளேயே கம்பெனிகள் வரிசைகட்டி வந்தன. விலை கட்டவில்லை என்று அப்போது மறுத்தவர்கள் இப்போது திரும்பக் கேட்கலாம்.

இன்சுலின் என்றதும் முகம் மாறாதவர்களை நான் பார்த்ததில்லை. "கடைசிக் கட்டமா தம்பி?" என்பார்கள். 1922 ஜனவரியில் டொரன்டோவில் சாகக் கிடந்த 14 வயது லியோனார்ட் தாம்சனைப் பிழைக்கவைத்தது இந்த ஊசிதான். டைப் 1 குழந்தைகளுக்கு முதல் நாளிலிருந்தே இதுதான் மருந்து. நம்மைப் போன்றவர்களுக்கு வருடக்கணக்கில் உழைத்த கணையம் ஓய்ந்துபோகும்போது வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஊசியின் வலியை விட விரல் நுனியில் குத்திப் பார்ப்பது வலிக்கும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. நம் நாட்டில் இன்சுலின் புட்டிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் புட்டிகளும் கிடைக்கின்றன. பேனாவில் போடுவது பெரும்பாலும் 100. சிரிஞ்சும் அதற்குத் தக்கபடி இரண்டு: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாற்றி எடுத்தால் வெறும் 8. சிரிஞ்ச் வாங்கும்போது புட்டியைக் கையோடு கொண்டுவந்து காட்டச் சொல்லி நான் நச்சரிப்பது இதற்காகத்தான். வாடிக்கையாளர்களுக்கு எரிச்சல் வரும், பரவாயில்லை.

ஒரே இடத்தில் குத்தினால் வலி தெரிவதில்லை என்று பலர் தொப்புளுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிடுகிறார்கள். அங்கே கொழுப்புக் கட்டி திரண்டு, ஊசிமருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் தங்கிவிடும். சர்க்கரை காரணமில்லாமல் ஏறி இறங்கினால் முதலில் வயிற்றைத் தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால் அந்த இடத்தை விட்டு மாற வேண்டும். ஆனால் நல்ல இடத்துக்கு மாறியதும் அதே யூனிட் கூடுதலாக வேலைசெய்யும் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில் உருட்டுங்கள், குலுக்காதீர்கள். திறக்காத புட்டி ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம், உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், மூடிய சின்ன டப்பாவில் வைத்து ஈரமான மண்பானைக்குள் வைக்கலாம். திறந்த தேதியைப் புட்டியில் எழுதிவைத்து, நாலு வாரத்தில் மாற்றிவிடுங்கள்.

வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகளைப் பற்றி இப்போது தினமும் விசாரிப்பு. எடையும் சர்க்கரையும் நன்றாகக் குறைகின்றன. குமட்டலும் வாந்தியும் கூடவே வரலாம். டைப் 1 காரர்களுக்கு இது இன்சுலினுக்கு மாற்று ஆகாது. மகள் கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று சீட்டில்லாமல் வருகிறவர்களுக்கு என் கடையில் இடமில்லை.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்கில் இனிப்பு தெரியாது. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை அதனால் தொலைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஆவாரம்பூக் கஷாயம், பாகற்காய்ச் சாறு எது குடித்தாலும் மாத்திரையை நிறுத்தாமல், டாக்டரிடம் மறைக்காமல் குடியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

வியாபாரத்துக்கு நஷ்டமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் வாங்க முடியாமல் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மெட்ஃபார்மினும் இன்சுலினும் அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள்.

நாங்கள் அட்டையை வெட்டித் தரும்போது மருந்துப் பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற துண்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு டாக்டர்கள் வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தை எழுதியிருப்பது அதை வைத்துத்தான் பிடிபடும். மூன்று மாத ஹெச்பிஏ1சி பார்க்கப் போகிற நாளில், சீட்டோடு நிற்காமல் வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள்.