கூழ் காயும்வரை

போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலு பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி, மூன்றாம் படியில் இருந்த யானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது மண்ணா, மரமா? கனமே இல்லையே!" என்றாள். பழைய பேப்பரும் வெந்தயமும் என்றேன். உடனே எல்லாரும், "எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். அன்று வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

காகிதக்கூழ் நேற்று வந்த கைவேலை இல்லை. என் அம்மா காலத்தில் முறத்தில் ஓட்டை விழுந்தால் இந்தக் கூழைத்தான் பூசுவார்கள். நைந்த கூடைக்கு மேல் பூசிக் காயவைத்து, அதில் தானியம் போட்டு வைப்பார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையிலும், புதுச்சேரிப் பக்கம் திருக்கனூரில் செய்கிற பொம்மைகளிலும் இருப்பது இதே கூழ்தான்.

இதன் சூட்சுமம் ஒன்றே ஒன்று. காகிதத்துக்குள் தண்ணீரை விடவேண்டும். பிறகு அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியேற்றவேண்டும். என் கையில் கெட்டுப்போன பொருளெல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில் நான் அவசரப்பட்டதால் கெட்டவை.

1. ஆடியிலேயே தொடங்குங்கள். கொலுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கூழ் கரைப்பவர்கள் ஈரப் பொம்மையைத்தான் படியில் வைப்பார்கள். ஆடிக்காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள்; உங்கள் கூழில் இருக்கிற தண்ணீரை எடுத்துப்போக அதற்கு எவ்வளவு நேரமாகும்? ஐப்பசி மழையில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. செய்தித்தாள் போதும், பளபளப்பான தாள் வேண்டாம். வாரப்பத்திரிகை அட்டை போன்ற வழவழப்பான தாள்களில் மேலே ஒரு பூச்சு இருக்கும். அது தண்ணீரை லேசில் உள்ளே விடாது. செய்தித்தாள் உடனே குடித்துவிடும். கத்தரிக்கோலை எடுக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பஞ்சு போல நார் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அதன் வழியாகத்தான் சீக்கிரம் ஏறும். பின் அடித்த தாளாக இருந்தால் பின்னைப் பிடுங்கிவிடுங்கள்.

3. இரண்டு ராத்திரி ஊறட்டும். காலையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் வரும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் ஒரு ராத்திரி போதும். ஒரு துண்டை விரல் நடுவே தேய்த்தால் தாளாக இல்லாமல் மாவாகக் கரையவேண்டும். அதுதான் பதம்.

4. மிக்ஸியை வதைக்காதீர்கள். ஆட்டுக்கல் இருந்தால் நல்லது. மிக்ஸியானால் ஒரு கைப்பிடிக் கூழுக்கு முக்கால் ஜார் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு ஓட்டுங்கள். நான் ஒருதரம் கெட்டியாக அடைத்து ஓட்டி மோட்டாரைப் புகைய விட்டேன். பழுது பார்க்க வந்தவர் ஜாரைத் திறந்து, "அம்மா, என்ன சமையல் இது?" என்றார். அச்சு மை கலந்த கூழ் அது. அந்த ஜாரில் அப்புறம் சட்னி அரைக்கக்கூடாது. பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

5. வெந்தயம்தான் பசை. அரைக் கிலோ காகிதத்துக்கு நான் நூறு கிராம் வெந்தயம் போடுவேன். முதல்நாள் ராத்திரியே ஊறவைத்து வழவழவென்று அரையுங்கள். கூழைத் துணியில் கட்டி நன்றாகப் பிழிந்துவிட்டு, அந்த வெந்தய விழுதோடு சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசையுங்கள். உருட்டினால் விரியக்கூடாது, அழுத்தினால் சொட்டக்கூடாது. அந்த வழவழப்பு நாரை நாரோடு பிடித்துக்கொள்ளும். கசப்பு பூச்சியைக் கிட்ட விடாது. சிலர் மைதா காய்ச்சி மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு வெந்தயமே போதும்.

6. முதலில் பொம்மை வேண்டாம், ஒரு கிண்ணம் செய்யுங்கள். எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஈரமான மெல்லிய துணியைப் போர்த்தி, கூழை அப்புங்கள். தோசைக் கனமும் வேண்டாம், இட்லிக் கனமும் வேண்டாம். அடைக் கனம் இருக்கட்டும். மேல்பக்கம் இறுகியதும் உள்ளே இருக்கும் பாத்திரத்தை உருவிவிடுங்கள். காயக் காயக் கூழ் சுருங்கும், பாத்திரம் சுருங்காது. விட்டுவைத்தால் கிண்ணம் வெடித்துவிடும்.

7. எதையும் கெட்டியாக உருட்டாதீர்கள். என் முதல் யானையின் கதையை இங்கே சொல்லியாகவேண்டும். தேங்காய் அளவுக்கு ஒரே உருண்டையாகப் பிடித்து, மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். வெளியே கல் மாதிரி ஆகிவிட்டது. ஆசை ஆசையாக வண்ணமும் பூசினேன். பத்து நாளில் முதுகில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒரு பூஞ்சை வாடை. அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அறுத்தால், உள்ளே கெட்டித் தயிர் மாதிரி ஈரம். மேல்தோல் முந்திக் காய்ந்து தண்ணீருக்கு வாசலை அடைத்துவிட்டது.

அன்றிலிருந்து வயிற்றுக்குள் எப்போதும் காய்ந்த பொருளைத்தான் வைக்கிறேன். கசக்கி நூல் சுற்றிய காகித உருண்டை, கொட்டாங்கச்சி, எதுவானாலும் சரி. தும்பிக்கைக்குக் கம்பியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அதன்மேல் கூழ் ஒரு பூச்சு. அது காய்ந்தபின் அடுத்த பூச்சு.

8. முதல்நாள் நிழல், பிறகு வெயில். முறத்திலோ கயிற்றுக் கட்டிலிலோ வைத்தால் அடியிலும் காற்றுப் படும். காலையும் மாலையும் புரட்டிவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்று கண்ணைக் கேட்காதீர்கள், கன்னத்தைக் கேளுங்கள். நிழலில் வைத்த பொம்மையைக் கன்னத்தில் ஒற்றும்போது ஜில்லென்றிருந்தால் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விரலால் தட்டினால் 'டொக்' என்று கேட்கவேண்டும். சமையலறைத் தராசு இருக்கிறதா? தினமும் எடை போட்டு எழுதிவையுங்கள். நல்ல வெயிலில் இரண்டு நாள் வைத்தும் எடை குறையாமல் அப்படியே நின்றால் காய்ந்துவிட்டது. இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதுவரை வண்ண டப்பியைத் திறக்காதீர்கள்.

9. கண்ணைக் கடைசியில் எழுதுங்கள். விரிசலை அதே கூழால் அடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாளால் தேயுங்கள், தூசி பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். சாக்பீஸ் தூளையும் பெவிகாலையும் குழைத்து வெள்ளையாக இரண்டு பூச்சு. இதிலும் தண்ணீர் உண்டு, ஒவ்வொரு பூச்சும் காயவேண்டும். பிறகு வெளிர்நிறம் முன்னே, அடர்நிறம் பின்னே. கண்ணை முதலில் எழுதிவிட்டால் பொம்மை உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அப்புறம் மூக்கைத் திருத்த மனசு வராது.

10. பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போடாதீர்கள். காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஒரு துண்டு வசம்பு வையுங்கள். தை மாதம் ஒருநாள் எடுத்து வெயில் காட்டுங்கள்.

11. விரிந்துபோனதைக் குப்பையில் எறியாதீர்கள். வண்ணம் பூசாதவரை அதைத் திரும்ப ஊறப்போடலாம், திரும்ப அரைக்கலாம். மண்ணைச் சுட்டுவிட்டால் மறுபடி மண்ணாக்க முடியாது. காகிதம் எத்தனை தடவை கேட்டாலும் கூழாகும். உங்கள் முதல் கிண்ணம் கோணலாகத்தான் வரும். இரண்டாவது வெடிக்கும். இரண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.

அந்தப் பெண் தூக்கிப் பார்த்தாளே மூன்றாம் படி யானை, அதன் உடம்பில் பூசியிருப்பது நான் கெடுத்த இரண்டு கிண்ணங்களின் கூழ். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.