சூடானால் நிற்கும் டீசல் வேன்

கேள்வி: என் பழைய டீசல் வேன் ஓடும்போதே நின்றுவிடுகிறது, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் டீசல் பம்பை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரோட்டரி பம்புக்கு டீசல் வரும் ஹோஸில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற டியூப்பை மாட்டி ஓட விடுங்கள். குமிழ் ஓடினால் ஏர் இழுக்கிறது; ஹோஸ், கிளிப், ஃபில்டர் வாஷரைப் பாருங்கள். குமிழ் இல்லையா? வண்டி நின்றதும், சாவியை அணைக்காமலே, பம்பில் டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் சொலினாய்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லைட் வைத்துப் பாருங்கள். ஒரு லூஸ் ஒயருக்காக நல்ல பம்பைக் கழற்றுவது கொடுமை!

இவை சரியாக இருந்து, பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆற்றியதும் ஸ்டார்ட் ஆனால், பெரும்பாலும் உள்ளே ரோட்டர் தேய்ந்திருக்கும். சூட்டில் நீர்த்த டீசல் தேய்ந்த இடைவெளியில் கசிவதால் பிரஷர் ஏறாது. அப்போதுகூட, டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடையில் காட்டிய பிறகே புதுசு வாங்குங்கள்.