பட்டியல் போட்டால் வாதமாகிவிடாது

கல்லூரிப் பட்டிமன்றங்களில் அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சி இது. தலைப்பு, ‘நிம்மதியான வாழ்க்கை கிராமத்திலா, நகரத்திலா?’ கிராம அணி எழுந்து வேப்பமரக் காற்று, கிணற்று நீர், திண்ணைப் பேச்சு என்று அடுக்கும். நகர அணி மருத்துவமனை, கல்லூரி, மெட்ரோ ரயில் என்று அடுக்கும். இரண்டுக்கும் கைதட்டல் விழும். ஆனால் ஒருவரும் வாதாடியிருக்க மாட்டார்கள். இரண்டு பட்டியல்கள் வாசிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

குரல், நிற்கும் விதம், அவை வணக்கம் எல்லாம் மேடை ஏற ஏறப் பழகிவிடும். வாதத்துக்கான முதல் வேலை, தன் கட்சியை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. அதில் ‘மேலும்’ வந்தால் இரண்டு கட்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒன்றை அடித்துவிட வேண்டும். அடுத்தது சான்று. இரண்டு போதும். மூன்றாவதைத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிடும். குறளைச் சான்றுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. எதிரணியும் அதே புத்தகத்தைத்தான் படித்துவிட்டு வந்திருக்கிறது.

பெரும்பாலோர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். சான்றையும் கட்சியையும் இணைக்க, கேட்பவர் ஏற்கெனவே நம்பும் ஒரு பொது விதி வேண்டும். மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லித்தரும் இடத்தில் இது தெளிவாக இருக்கிறது. இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம் (கட்சி), புகை தெரிவது ஏது (சான்று), அடுக்களை திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). நடுவில் அடுக்களை எதற்கு? புகை வந்தால் அங்கே நெருப்பு இருக்கும் என்பதைக் கேட்பவர் தன் வீட்டிலேயே பார்த்திருக்கிறார். அதை ஒப்புக்கொண்டவர் மலையில் வந்து பின்வாங்க முடியாது.

ஆகவே கிராமப் பேச்சாளர் வேப்பமரத்தைக் காட்டும் முன், நிம்மதியை எதை வைத்து அளப்பது என்று அவையோடு பேசி முடித்துக்கொள்ள வேண்டும். ‘வீட்டைப் பூட்டாமல் கடைக்குப் போய்வர முடிந்தால் அது நிம்மதி’ என்ற அளவுகோலை அவை ஏற்றுக்கொண்டால், கிராமம் பாதி ஜெயித்த மாதிரி. ‘நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் பத்து நிமிடத்தில் டாக்டரைப் பார்க்க முடிவதுதான் நிம்மதி’ என்று நகர அணி முந்திக்கொண்டால், வேப்பமரம் வெறும் மரம்தான்.

அளவுகோலைச் சோதிக்க ஒரு குறுக்குவழி உண்டு. தலைப்பையும் அணியையும் சொல்லாமல் அதை மட்டும் ஒரு நண்பரிடம் சொல்லிப் பார்க்கலாம். ‘சரிதானே, இதில் என்ன சந்தேகம்?’ என்றால் மேடைக்குக் கொண்டுபோகலாம். ‘எதற்கோ அடி போடுகிறாய்’ என்று அவர் சிரித்தால் மாற்றியாக வேண்டும்.

அளவுகோலை முதலில் ஒப்புக்கொள்ள வைக்கும் வித்தையில் கண்ணகியை மிஞ்ச ஆளில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் பாண்டியன். நம் பேச்சாளர்கள் பலர் அந்த இடத்தில், திருட்டுக்கு மரண தண்டனை தகுமா என்று இறங்கி நேரத்தைத் தொலைத்திருப்பார்கள். கண்ணகி அந்த நீதியைத் தொடவேயில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தங்களுடையது முத்துப்பரல் என்று அரசன் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். அதன் பிறகுதான் சிலம்பு உடைகிறது. வரிசை மாறி, முதலிலேயே உடைந்து மாணிக்கம் தெறித்திருந்தால், ‘அரசியின் சிலம்பிலும் மாணிக்கம்தான்’ என்று யாராவது சொல்ல இடம் இருந்திருக்கும்.

எதிரணியின் அளவுகோலையே பிடுங்கி அளந்து காட்டுவது இன்னொரு வழி. 1962-இல் மாநிலங்களவைக்குப் போன அண்ணா, பெரும்பான்மையோர் பேசுவதால் இந்தியே பொதுமொழி என்ற வாதத்துக்கு அப்படித்தான் பதில் சொன்னார்: எண்ணிக்கைதான் அளவு என்றால் தேசியப் பறவையாக இருக்க வேண்டியது மயில் அல்ல, காகம். எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்ற கணக்குக்குள்ளேயே அந்தப் பதில் போகவில்லை.

மறுப்புரையில் எதிரணியின் சொத்தையான வாதத்தைத் தேடிப்பிடித்து அடிப்பவர்கள் உண்டு. அனுபவமுள்ள நடுவர் அதை உடனே கண்டுகொள்வார். அவர்களுடைய வலுவான வாதத்தை, அவர்கள் சொன்னதைவிடத் தெளிவாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போவதே உத்தமம்.

எச்சரிக்கை மணி அடித்த பிறகு புதிய சான்று எதையும் எடுக்கக் கூடாது. அளவுகோலை மறுபடி சொல்லி, இரண்டு அணியையும் அதன் பக்கத்தில் நிறுத்தி, எது குட்டை என்று காட்டிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். நடுவர் தீர்ப்புக்குக் குறிப்பு எடுக்கும் நேரம் அது. அவர் அப்படியே வாசிக்கக்கூடிய ஒரு வாக்கியம் கிடைத்தால், பெரும்பாலும் அதைத்தான் எழுதிக்கொள்வார்.