ராயபுரம் ரயில் நிலையத்தில் ஒரு வரலாற்று வகுப்பு

"கோயில விட்டா நம்ம ஏரியால என்ன சார் இருக்கு? கன்டெய்னர் லாரியும் புகையும்தான்."

எட்டாம் வகுப்பில் உள்ளூர் வரலாறு பற்றிப் பேச்செடுத்தபோது, திருவொற்றியூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் சொன்னது இது. வகுப்பே சிரித்தது. மின்சார ரயிலில் தினமும் ராயபுரத்தைக் கடந்துதான் அவன் பள்ளிக்கு வருகிறான். "ராயபுரம் ஸ்டேஷன்ல தூணு தூணா ஒரு பழைய கட்டடம் பாத்திருக்கியா?" என்றேன். "பாத்திருக்கேன் சார். ஏதோ ஆபீஸ்னு நினைச்சேன்" என்றான்.

அந்தக் கட்டடத்தையே பாடமாக்குவது என்று முடிவானது. முதலில், ராயபுரம் நிலையம் பற்றிக் கேட்டும் படித்தும் வந்து ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் எழுதியது: 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம்.' திறந்த நாளாகச் சிலர் 1856 ஜூன் 28 என்றும், சிலர் ஜூலை 1 என்றும் எழுதியிருந்தார்கள். இந்த முரண்பாடுதான் எனக்குக் கிடைத்த நல்ல பாடப்பொருள்.

முதல் வரியை எடுத்துக்கொண்டோம். பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே 1853 ஏப்ரல் 16இல் பயணிகள் ரயில் ஓடிவிட்டது. ஹௌராவிலிருந்து 1854இல் ஓடியது. ராயபுரம் வந்தது 1856இல். அப்படியானால் 'முதல்' என்பது எப்படிப் பொருந்தும்? தென்னிந்தியாவுக்கு மட்டும் பொருந்தும். ஆனால் பம்பாயின் முதல் நிலையமான போரி பந்தர் இருந்த இடத்தில் பின்னர் விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. ஹௌராவில் இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1905இல் வந்தது. ராயபுரம் மட்டும் நின்றது. ஆகவே இன்று நிற்பவற்றில் பழமையானது என்பதே சரியான பெருமை. 'முதலாவது', 'எஞ்சியவற்றில் பழையது' என்ற வேறுபாடு பிடிபட ஒரு பாடவேளை ஆயிற்று. அது வீண் என்று நான் நினைக்கவில்லை.

தேதிக் குழப்பத்தை மாணவர்களே அவிழ்த்தார்கள். ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்த விழா ஜூன் 28. மக்களுக்கான போக்குவரத்து தொடங்கியது ஜூலை 1. "நம்ம ஃப்ளைஓவர் மாதிரி சார். திறக்கறது ஒரு நாள், வண்டி விடறது ஒரு நாள்" என்றாள் ஒரு மாணவி.

வண்டி போனது ஆற்காடு நிலையம் வரை. இன்று அதன் பெயர் வாலாஜா ரோடு. ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. சென்னையில் தண்டவாளமே அதற்கும் முந்தியது: 1837 வாக்கில், சாலை போடுவதற்கான கல்லைச் செங்குன்றத்திலிருந்து சுமந்துவர ஒரு பாதை இருந்தது.

ராயபுரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? வரைபடத்தை விரித்தால் போதும். கிழக்கே கடல், தெற்கே வணிகர்கள் நிறைந்த கருப்பர் நகரம், இன்றைய ஜார்ஜ் டவுன். அப்போது துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, மசூலாப் படகுகளில் சரக்கு கரைக்கு வந்தது.

தலைமையாசிரியர் மூலம் கடிதம் கொடுத்து, நிலையத்தாரின் அனுமதி பெற்று, மாணவர்களை அழைத்துச் சென்றேன். (அனுமதியில்லாமல் நடைமேடையில் நாற்பது பேரை நிறுத்தாதீர்கள்.) கட்டடத்தை வடிவமைத்தவர் வில்லியம் அடெல்பி டிரேசி. இதை 'இந்தோ சாரசெனிக்' பாணி என்று சிலர் எழுதுகிறார்கள். தூண்களின் தலைப்பகுதியை நிமிர்ந்து பார்த்தாலே ஐயம் தீரும். கிரேக்க, ரோமானிய மரபில் இலை வடிவம் செதுக்கிய கொரிந்தியத் தூண்கள் அவை. குவிமாடம் இல்லை. அக்கால இங்கிலாந்தின் மாளிகைப் பாணி இது. ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் நிலையத்தின் படத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். 1908இல் திறக்கப்பட்ட அதன் குவிமாடங்களைக் காட்டியதும், இந்தோ சாரசெனிக் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடையில் 1873இல் வந்த சென்ட்ரலின் மணிக்கூண்டு கோதிக் பாணி. ஒரே நகரின் மூன்று நிலையங்கள் ஐம்பது ஆண்டுக் கட்டடக்கலை மாற்றத்தைக் காட்டிவிடுகின்றன.

சென்ட்ரல் வளர வளர ராயபுரம் தேய்ந்தது. 1922 வரை ரயில்வே தலைமையகமாக இருந்தது. பிறகு அந்தச் சிறப்பும் போயிற்று. பாழடைந்து கிடந்த கட்டடம் 2005இல்தான் புதுப்பிக்கப்பட்டது.

திரும்பும்போது ஒருத்தி கேட்டாள்: "திறந்தவரு பேரு இருக்கு, பிளான் போட்டவரு பேரு இருக்கு. கட்டுனவங்க பேரு எங்க சார்?" புத்தகத்தில் இல்லை என்றேன். வீட்டில் ரயில்வேயிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்த பெரியவர்கள் யாரேனும் இருந்தால் கேட்டு எழுதிவரச் சொன்னேன்.

மறுநாள் பதினொரு நோட்டுகள் வந்தன. திருவொற்றியூர்ப் பையனின் நோட்டில் இருந்தது இது: 'எங்க தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு. ராயபுரத்துல கூட்ஸ் வண்டியில ஏத்துவாங்களாம். அந்தத் தூண் நெழல்லதான் சாப்பிடுவாங்களாம்.'