சம்பளக் கணக்கரைக் கேட்டீர்களா?

படிப்பு முடிந்ததும் நம்மிற் பலர் அலுவலகங்களிலே அமரப் போகிறோம். பணியாளரின் வருகை, விடுப்பு, சம்பளம் ஆகியவற்றைக் கவனிக்கப் புதிய கணினி முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஒருநாள் நம் மேசைக்கும் வரலாம். அப்பொழுது யாரைக் கேட்பது? விற்பவரையா, நிதி அதிகாரியையா, அன்றி அம்முறையோடு நாள்தோறும் மாரடிக்கப் போகும் கணக்கரையா? கனடா நாட்டில் நடந்ததைப் பார்ப்போம், நண்பர்களே.

கனடா மத்திய அரசு ஏறத்தாழ 2,90,000 ஊழியருக்குச் சம்பளம் வழங்கிவந்த கணினி முறை நாற்பதாண்டுப் பழையது. அதை மாற்ற 2009இல் ஒப்புதல் கிடைத்தது. புதிய முறைக்கு ‘ஃபீனிக்ஸ்’ என்று பெயர். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் அது. பெயர் சூட்டியவர்கள் சாம்பலை மறந்துவிட்டார்கள் போலும்!

சம்பளம் என்றால் மாதத்துக்கு ஒரு தொகை என்றே நாம் நினைக்கிறோம். அங்கோ நூற்றுக்கு மேற்பட்ட தொழிற்சங்க ஒப்பந்தங்கள். சம்பள விதிகளோ 80,000க்கு மேல். இரவு முறை பார்க்கும் சிறைக்காவலர், கப்பலிற் செல்லும் கடலோரக் காவற்படையினர், மேலதிகாரி விடுப்பிற் சென்றால் அவரிடத்தில் தற்காலிகமாய் அமர்பவர் என ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு. இந்த நுட்பங்கள் ஏட்டில் இருந்ததைவிடத் துறைதோறும் இருந்த சம்பளக் கணக்கரின் தலைக்குள்ளேதான் அதிகம் இருந்தன என்பது என் எண்ணம். எந்தத் தாளில் பிழை வரும், யாரைக் கூப்பிட்டால் அது தீரும் என்பதெல்லாம் அவர்கள் கைப்பழக்கம்.

ஃபீனிக்ஸ் இயங்கத் தொடங்குமுன்பே, 46 துறைகளில் அத்தகையோர் சுமார் 1,200 பேரின் பதவிகள் நீக்கப்பட்டன. அவர்களுக்குப் பதிலாக மிராமிஷி என்னும் ஊரில் 460 கணக்கரும் 90 உதவியாளரும் அமர்த்தப்பட்டனர். பணமும் போதவில்லை. 27.4 கோடி டாலர் வேண்டுமென்று ஐ.பி.எம். நிறுவனம் 2012இல் கூறியது. ஒப்புதல் பெற்றிருந்ததோ 15.5 கோடி. கூடுதல் பணம் கேட்காமல், முறையின் வேலைகள் சிலவற்றை வெட்டினர். சில சோதனைகளைக் குறைத்தனர். ஒரே ஒரு துறையில் முதலில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்த திட்டத்தையும் 2015இல் கைவிட்டனர்.

யாரையும் கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பல துறைகள் தங்கள் அச்சத்தை முன்கூட்டியே தெரிவித்தன. ஆனால் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் அச்சப்பட்டவரிடம் இல்லை. திட்டத்தை நடத்தியவர்களே அது தயாராகிவிட்டதா என்பதையும் தீர்மானித்தார்கள். கருத்துக் கேட்பது வேறு, கேட்ட கருத்துக்கு எடை கொடுப்பது வேறு என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

2016 பிப்ரவரியில் 34 துறைகளும் ஏப்ரலில் 67 துறைகளும் ஃபீனிக்ஸுக்கு மாறின. சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைந்தது, சிலருக்கு மிகுதியாய் வந்து, பின்னர்த் திருப்பிக் கேட்கப்பட்டது. 2017 ஜூனில் 1,50,000 பேருக்கு மேற்பட்டோரின் கணக்குகள் திருத்தத்துக்குக் காத்திருந்தன. விளங்கிக்கொள்ள இயலாத தோல்வி என்று 2018இல் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் இதைக் குறிப்பிட்டார். பிறகு மாற்று முறை தேடியபொழுது, விற்பனையாளர் கொணர்ந்தவற்றை 2019இல் ஊழியர்களே இயக்கிப் பார்க்க வழிசெய்தனர். முதலிலேயே செய்திருக்கலாம்!

நம் கைக்கு இப்பொறுப்பு வருமாயின் பெரிய குழுக்கள் வேண்டா. கணக்கரிடம் சென்று, சென்ற ஆண்டில் அவரை மிகவும் வாட்டிய ஐந்து கணக்குகளைக் கேட்டு வாங்குங்கள். இடையில் ஊர் மாற்றலானவர், பாதிச் சம்பள விடுப்பில் இருந்தவர், முன்தேதியிட்டு ஊதிய உயர்வு பெற்றவர் என்று அவரே எடுத்துத் தருவார். விற்பவர் அந்த ஐந்தையும் கணக்கரின் கண்ணெதிரே போட்டுக் காட்டட்டும். விடை சரியென்று கணக்கர் கையெழுத்திடும்வரை ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்திடலாகாது என்று முன்னரே எழுதி வையுங்கள். கூட்டத்தை மட்டும் மாதக் கடைசியில் வைக்காதீர்கள். சம்பளப் பட்டியலை விட்டு அவரால் எழுந்து வர இயலாது.